நாட்டிங்காம் ஃபாரஸ்டின் பெரிய சாதனை எது: இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளா, ஒரே ஒரு லீக் பட்டமா?

இடதுகாலன்

தன் நாட்டு லீக் பட்டத்தைவிட ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) அதிக முறை வென்ற கிளப் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நாட்டிங்காம் ஃபாரஸ்ட். லீக் 1978இல் ஒரு முறை. ஐரோப்பியக் கோப்பை 1979, 1980 என்று இரண்டு முறை. இந்தக் கணக்கைக் கேட்டதும் எல்லோரும் அந்த இறுதியாட்டங்கள் நடந்த மியூனிக், மாட்ரிட் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் கொஞ்சம் வேறு கட்சி. அந்த இரண்டு கோப்பைகளைவிட 1977–78 லீக் பட்டம்தான் அந்தக் கிளப் செய்த ஆகப் பெரிய காரியம் என்பது என் வாதம்.

1975 ஜனவரியில் பிரையன் கிளஃப் மேலாளராக வந்தபோது ஃபாரஸ்ட் இரண்டாம் பிரிவில் 13ஆம் இடத்தில் கிடந்தது. கிளஃபுக்கும் அப்போது நல்ல நேரமில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் லீட்ஸ் யுனைடெட் அவரை 44 நாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. 1976 கோடையில் பழைய கூட்டாளி பீட்டர் டெய்லர் துணைக்கு வந்து சேர்ந்தார். 1977இல் முதல் பிரிவுக்கு ஏறியதும் மார்தட்டிக்கொள்ளும்படியான ஏற்றமல்ல: மூன்றாம் இடம், 52 புள்ளிகள், நான்காவதாக வந்த போல்டனைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். அப்படித் தொற்றிக்கொண்டு மேலே வந்த அணி அடுத்த பருவத்திலேயே சாம்பியன். அதுவும் யாரைத் தள்ளிவிட்டு? அப்போது இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் சேர்த்தே சாம்பியனாக இருந்த லிவர்பூலை. வெற்றிக்கு இரண்டு புள்ளி மட்டுமே கொடுத்த காலத்தில் ஏழு புள்ளி வித்தியாசம். 42 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 24.

மறுப்பவர்கள் வரலாம்.

கூடுதல்நேரம்

மறுக்கிறேன். இங்கிலாந்து லீக்கை இதுவரை வென்ற கிளப்புகள் 24. ஐரோப்பியக் கோப்பையை வென்ற இங்கிலாந்துக் கிளப்புகள் ஆறு: லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், ஃபாரஸ்ட், ஆஸ்டன் வில்லா, செல்சி, மான்செஸ்டர் சிட்டி. இதில் கோப்பையை அடுத்தடுத்த ஆண்டு தக்கவைத்துக்கொண்டவை லிவர்பூலும் ஃபாரஸ்டும் மட்டும்தான். எது அரிது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கீழிருந்து மேலே வந்த கையோடு பட்டம் வென்றதுதான் அதிசயம் என்றால் இப்ஸ்விச்சும் 1962இல் அதைச் செய்தது. அதற்காக யாரும் இப்ஸ்விச்சுக்கு இழை தொடங்குவதில்லை.

ஸ்கோர்புக்

இப்ஸ்விச் உதாரணம் நல்ல அடி. ஆனால் அது இடதுகாலனுக்குத்தான் உதவுகிறது. பட்டம் வென்ற அடுத்த பருவத்தில் இப்ஸ்விச் 17ஆம் இடத்துக்குச் சரிந்தது. ஃபாரஸ்ட் இரண்டாம் இடம் பிடித்தது. அதோடு 1977 நவம்பர் முதல் 1978 டிசம்பர் வரை லீக்கில் தொடர்ச்சியாக 42 ஆட்டங்கள் தோற்கவில்லை. நவம்பரில் லீட்ஸிடம் தோற்றார்கள், அடுத்த தோல்வி ஓராண்டுக்குப் பிறகு லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில். நடுவில் ஒரு முழுப் பருவத்தின் அளவு ஆட்டங்கள். 2004இல் ஆர்சனல் முறியடிக்கும்வரை அந்தச் சாதனைதான் நின்றது.

அந்த 42இல் 21 வெற்றி, 21 டிரா. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு இதில்தான் அணியின் குணம் தெரிகிறது. முடியாத நாளில் தோற்காமல் வரத் தெரிந்த அணி அது.

புதுரசிகன்

இங்கே பேசுபவர்கள் எல்லோரும் பழம் தின்று கொட்டை போட்டவர்களாகத் தெரிகிறது. எனக்கு 2022க்குப் பிந்தைய ஃபாரஸ்டைத்தான் தெரியும். கிளஃபுக்கு முன்னால் இந்தக் கிளப் என்ன செய்துகொண்டிருந்தது? சும்மா இருந்ததா?

நதிக்கரை

சும்மா இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அவசரப்படாமல் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1865இல் நாட்டிங்காமின் ஷேக்ஸ்பியர் தெருவில் கிளின்டன் ஆர்ம்ஸ் என்ற விடுதியில் ஷின்டி ஆட்டக்காரர்கள் சிலர் கூடினார்கள். ஷின்டி என்பது ஹாக்கிக்கு உறவான மட்டைப் பந்தாட்டம். இனி கால்பந்து ஆடலாம் என்று அன்று முடிவு செய்தார்கள். ஊரின் ஃபாரஸ்ட் பொழுதுபோக்குத் திடலில் ஆடியதால் அந்தப் பெயர். இத்தாலியின் கரிபால்டி படையினர் அணிந்த சிவப்பு அப்போது பிரபலம், அதே நிறத்தில் குஞ்சம் வைத்த தொப்பிகள் ஒரு டஜன் வாங்கினார்கள். கிளப்பின் நிறம் அன்றிலிருந்து மாறவில்லை. ஆர்சனல் சிவப்பு அணிவதற்கும் இவர்கள்தான் காரணம். 1886இல் ஆர்சனலைத் தொடங்கியவர்களில் முன்னாள் ஃபாரஸ்ட் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டதற்கு ஃபாரஸ்ட் சிவப்புச் சட்டைகளைக் கொடுத்து அனுப்பியது. முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டை 1870களில் கொண்டுவந்த சாம் வெல்லர் விடோசனும் ஃபாரஸ்ட்காரர்தான்.

எஃப்.ஏ. கோப்பை இரண்டு முறை. 1898இல் பக்கத்து ஊரான டார்பியை 3–1 என்று வென்றார்கள். அதே ஆண்டில்தான் ட்ரென்ட் நதியோரத்து சிட்டி கிரவுண்டுக்குக் குடிபெயர்ந்ததும். நதிக்கு மறுகரையில் நாட்ஸ் கவுன்டியின் மைதானம், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்கலாம். இரண்டாவது கோப்பை 1959இல். லூட்டனுக்கு எதிரான அந்த இறுதியாட்டத்தில் ராய் ட்வைட் பத்தாவது நிமிடத்தில் கோல் அடித்தார், சற்று நேரத்தில் டாமி வில்சன் இன்னொன்று. 33ஆவது நிமிடத்தில் ட்வைட்டின் கால் முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம். மீதி நேரம் முழுவதும் பத்துப் பேரோடு ஆடி 2–1 என்று கோப்பையைக் கொண்டுவந்தார்கள். இந்த ட்வைட், பாடகர் எல்டன் ஜானின் உறவினர்.

1967இல் லீக்கில் இரண்டாம் இடம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லீட்ஸுடன் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே முதன்மை ஸ்டாண்ட் தீப்பிடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, கிளப்பின் பழைய ஆவணங்கள் சாம்பலாயின. 1972இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். அங்கேதான் கிளஃப் வந்து பார்த்தார்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கோப்பைகளை வென்றபோது ஃபாரஸ்ட் ஒரு லிமிடெட் கம்பெனியே அல்ல. உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த கமிட்டி நடத்திய சங்கம். 1982இல்தான் கம்பெனியாக மாறியது.

கூடுதல்நேரம்

கமிட்டி என்றதும் ஏழைச் சங்கம் எல்லோரையும் வென்ற கதை வந்துவிடும் என்று பயந்தேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அது ஏழை அணி அல்ல. பீட்டர் ஷில்டனை ஸ்டோக்கிலிருந்து வாங்கும்போது ஒரு கோல்கீப்பருக்கு அவ்வளவு பணமா என்று ஊரே கேட்டது. 1979 பிப்ரவரியில் பர்மிங்காமிலிருந்து ட்ரெவர் ஃபிரான்சிஸை வாங்கினார்கள், பிரிட்டனின் முதல் பத்து லட்சம் பவுண்டு ஆட்டக்காரர். மியூனிக்கில் கோல் அடித்தவர் அந்தப் பத்து லட்சம்தான். பணம் கொடுத்து வாங்கிய கோப்பை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதிசயம் என்ற சொல்லை யாராவது எழுதினால் இந்தப் பதிவை மேற்கோள் காட்டுவேன்.

வலைக்காவலன்

ஃபிரான்சிஸ் வந்தது பட்டம் வென்ற பிறகு. ஆகவே இதுவும் இடதுகாலனின் கட்சிக்கே போகிறது, கவனித்தீர்களா?

ஷில்டன் விஷயத்துக்கு வருகிறேன், அது என் துறை. கோல் அடிப்பவனுக்குப் பணம் கொடுப்பார்கள், கோல்கீப்பருக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பது அன்றைய நடைமுறை. கிளஃபும் டெய்லரும் அதைத் தலைகீழாக்கினார்கள். நல்ல கோல்கீப்பர் ஒரு பருவத்தில் எத்தனை புள்ளிகளைக் காப்பாற்றுவார் என்று கணக்குப் போட்டு வாங்கினார்கள். 1978 ஏப்ரல் 22, கவென்ட்ரி மைதானம். ஒரு புள்ளி கிடைத்தால் பட்டம். கவென்ட்ரியின் மிக் ஃபெர்குசன் கோலுக்கு மிக அருகிலிருந்து தலையால் முட்டுகிறார். அந்தத் தொலைவில் பந்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்க நேரம் கிடையாது. ஃபெர்குசனின் உடல் திரும்பும்போதே ஷில்டன் பாய்ந்திருக்க வேண்டும். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனது. 0–0. நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே பட்டம் முடிவாகிவிட்டது.

இன்னொரு கோல்கீப்பரையும் சொல்ல வேண்டும். ஷில்டன் அந்தப் பருவ லீக் கோப்பையில் (லீக் பட்டம் அல்ல, தனி நாக்-அவுட் போட்டி) ஏற்கெனவே ஸ்டோக்குக்கு ஆடியிருந்ததால் ஃபாரஸ்டுக்காக அதில் ஆட முடியாது. 18 வயது கிறிஸ் வுட்ஸை நிறுத்தினார்கள். வெம்பிளியில் லிவர்பூலுக்கு எதிராகக் கூடுதல் நேரம் முடிந்தும் 0–0. மறு ஆட்டம் ஓல்ட் டிராஃபோர்டில், ராபர்ட்சனின் பெனால்டியில் 1–0. அந்தப் பையன் இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட விடவில்லை. வேடிக்கை என்னவென்றால் வுட்ஸ் ஃபாரஸ்டுக்காக ஒரே ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை. பதக்கத்தை வாங்கிக்கொண்டு பிறகு வேறு கிளப்புக்குப் போய்விட்டார்.

புதுரசிகன்

ராபர்ட்சன், ராபர்ட்சன் என்கிறீர்களே. அவர் அவ்வளவு பெரிய ஆளா?

இடதுகாலன்

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கிளஃப் வரும்போது ஜான் ராபர்ட்சன் ஏற்கெனவே அங்கே இருந்தார். விற்பனைப் பட்டியலில் போட்டிருந்தார்கள். தொப்பை, விடாத சிகரெட், ஓடச் சொன்னால் நடப்பார். பார்த்தால் ஆட்டக்காரர் என்றே தோன்றாது. அவரை நடுக்களத்திலிருந்து எடுத்து இடது விங்கில், கோட்டுக்கு அருகில் நிறுத்தினார்கள். வேகம் கிடையாது. ஆனால் எதிரே நிற்பவனுக்கு முன்னால் பந்தை வைத்துக்கொண்டு இடுப்பை ஒரு முறை அசைத்தால் போதும், கிராஸ் போட ஒரு முழ இடம் கிடைத்துவிடும். இரு கால்களிலும் போடுவார். 1976 டிசம்பர் முதல் 1980 டிசம்பர் வரை தொடர்ச்சியாக 243 ஆட்டங்கள் ஆடினார். சிகரெட் பிடிப்பவர் என்று சிரித்தவர்கள் இந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

மியூனிக் கோலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதல் பாதியின் கடைசி நிமிடம். நடுக்கள ஆட்டக்காரர் பொயர் இடப்பக்கம் பந்தைத் தள்ளுகிறார். மால்மோ டிஃபெண்டர்கள் இரண்டு பேர் ராபர்ட்சனை மூலையில் மடக்கிவிட்டதாக நினைக்கிறார்கள். அவர் இருவருக்கும் வெளியே கோட்டோரமாகப் பந்தைத் தட்டி, நிமிர்ந்து, கோல்கீப்பரின் தலைக்கு மேலாகத் தூரத்துக் கம்பத்துக்கு அனுப்புகிறார். மறுபக்கத்திலிருந்து ஃபிரான்சிஸ் முழு வேகத்தில் ஓடிவருகிறார். கோலுக்கு வெளியே போயிருக்க வேண்டிய பந்தை எட்டிக் குனிந்து முட்டுகிறார். வலையின் கூரை. ஃபிரான்சிஸுக்கு அதுதான் முதல் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம். முந்தைய சுற்றுகளில் ஆட அவருக்குத் தகுதியில்லை.

அடுத்த ஆண்டு மாட்ரிடில் கோலை அடித்ததே ராபர்ட்சன். 20ஆவது நிமிடம், முன்கள ஆட்டக்காரர் பர்ட்டில்ஸிடம் கொடுத்து வாங்கி, வலது காலால். அவ்வளவுதான், 1–0.

ஸ்கோர்புக்

ராபர்ட்சன் மட்டுமல்ல. ஓ'நீல், விவ் ஆண்டர்சன், வுட்காக், பொயர் எல்லோரும் கிளஃபுக்கு முன்பே அந்த மைதானத்தில் இருந்தவர்கள். இரண்டாம் பிரிவில் 13ஆம் இடத்தில் இருந்த அணிக்குள் ஐரோப்பிய சாம்பியன்கள் ஐந்து பேர் ஒளிந்திருந்திருக்கிறார்கள். வுட்காக் மட்டும் முதல் கோப்பையோடு ஜெர்மனிக்குப் போய்விட்டார். விவ் ஆண்டர்சன் 1978 நவம்பரில் இங்கிலாந்து சீனியர் அணிக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவர். அவர் நாட்டிங்காமிலேயே பிறந்தவர்.

வெளியிலிருந்து கொண்டுவந்ததெல்லாம் பெரும்பாலும் டெய்லரின் கண். நியூகாசில் இலவசமாக விட்டுவிட்ட ஃபிராங்க் கிளார்க். கிளஃபைப் பின்தொடர்ந்து ஹார்ட்டில்பூல்ஸ், டார்பி, லீட்ஸ் என்று வந்த கேப்டன் ஜான் மெக்கவர்ன். டார்பியிலிருந்து ஆர்ச்சி ஜெமில். பர்மிங்காமில் முரடன் என்று பெயரெடுத்த கென்னி பர்ன்ஸ்: டெய்லர் மாறுவேடத்தில் நாய்ப் பந்தயத் திடல்வரை போய் அவருடைய பழக்கவழக்கங்களை வேவு பார்த்தார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கதை. முன்கள ஆட்டக்காரராக இருந்தவரைப் பின்களத்தில் லாரி லாய்டுக்குத் துணையாக நிறுத்தினார்கள். 1978இல் கால்பந்து எழுத்தாளர்கள் தேர்ந்தெடுத்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் அதே முரடன்தான். பிறகு கேரி பர்ட்டில்ஸ். தரைவிரிப்பு பதிக்கும் வேலை செய்துகொண்டு லாங் ஈட்டன் யுனைடெடுக்கு ஆடியவர். விலை 2,000 பவுண்டு. கூடுதல்நேரம் சொன்ன பத்து லட்சத்தோடு இந்த 2,000ஐயும் சேர்த்து எழுதினால்தான் பணக்கணக்கு நேர்மையாக இருக்கும்.

கூடுதல்நேரம்

சரி, சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே ஐரோப்பியப் பக்கத்தையும் கொஞ்சம் எழுதுங்கள். சாம்பியன்கள் மட்டும் ஆடிய போட்டி, மொத்தம் ஒன்பது ஆட்டங்கள், அதனால் சுலபம் என்று யாரோ சொல்லப்போகிறார்கள் என்று காத்திருக்கிறேன்.

ஸ்கோர்புக்

நானே சொல்கிறேன், பிறகு நானே மறுக்கிறேன்.

ஒன்பது ஆட்டங்கள் என்பது உண்மை. 1979 இறுதியில் மால்மோ காயங்களால் தளர்ந்துபோன அணி என்பதும் உண்மை; அந்த ஆட்டம் அழகாகவும் இல்லை. ஆனால் அன்று தரவரிசைப்படி பிரித்து வைக்கும் சலுகை கிடையாது, ஒரு சுற்று சறுக்கினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஃபாரஸ்டுக்கு முதல் சுற்றிலேயே வந்தது யார்? இரண்டு முறை தொடர்ந்து கோப்பையை வென்றிருந்த லிவர்பூல். சிட்டி கிரவுண்டில் பர்ட்டில்ஸும் பாரெட்டும் அடித்து 2–0. ஆன்ஃபீல்டில் 0–0. நடப்புச் சாம்பியன் முதல் சுற்றோடு வெளியே.

அரையிறுதிதான் எனக்குப் பிடித்தது. ஜெர்மனியில் லீக், கோப்பை இரண்டையும் 1978இல் வென்ற கொலோன். சேறும் சகதியுமான சிட்டி கிரவுண்டில் இருபது நிமிடத்துக்குள் கொலோன் 2–0 என்று முன்னே போய்விட்டது. பர்ட்டில்ஸ் ஒன்று, பொயர் ஒன்று, ராபர்ட்சன் தலையால் ஒன்று, 3–2. அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்த ஜப்பானியர் யாசுஹிகோ ஒகுதெரா 3–3 ஆக்கினார். வெளிமைதான கோல் விதிப்படி (இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்த அணிக்கே வெற்றி) கொலோனுக்கு 0–0 போதும். பலர் ஃபாரஸ்டின் கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியில் ஒரு கார்னர் கிக், பர்ட்டில்ஸ் தட்டிவிட்டார், பொயர் தலையால் முட்டி 1–0. ஷில்டன் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டும் நிலைமை இதேதான். காலிறுதியில் கிழக்கு ஜெர்மனியின் டைனமோ பெர்லினிடம் சொந்த மைதானத்தில் 0–1 தோல்வி. பெர்லினுக்குப் போய் முதல் பாதியிலேயே மூன்று கோல் அடித்து 3–1. அதில் இரண்டு ஃபிரான்சிஸ். அரையிறுதியில் அயாக்ஸ். இறுதியில் கெவின் கீகனின் ஹாம்பர்க். அந்த ஹாம்பர்க் அரையிறுதியில் ரியல் மாட்ரிடை 5–1 என்று துவைத்துவிட்டு வந்திருந்தது. ஃபிரான்சிஸ் காயத்தால் இல்லை. இன்னொரு ஃபாரஸ்ட் ஆட்டக்காரர் ஸ்டான் போல்ஸ் கோபித்துக்கொண்டு விமானமே ஏறவில்லை, அதனால் மாற்று ஆட்டக்காரர்கள் பட்டியலில் ஓர் இடம் காலி. தொடக்கப் பதினொருவரில் 18 வயது கேரி மில்ஸ். கோல் அடித்த பிறகு எழுபது நிமிடம் பெனால்டி பெட்டிக்குள் கூடாரம் அடித்துத் தாக்குப்பிடித்தார்கள். குருட்டு அதிர்ஷ்டம் ஒரு முறை வரும். இரண்டு ஆண்டுகளில் இத்தனை முறை வராது.

வலைக்காவலன்

மாட்ரிடில் பயிற்சிக்குச் சரியான புல்தரை கிடைக்காமல் ஷில்டன் சாலை ரவுண்டானாவில் இருந்த புல்வெளியில் பாய்ந்து பாய்ந்து பழகினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேகலை

எல்லாம் சரி. ஒரு விஷயம் இந்த இழையில் இன்னும் வரவில்லை, கிளஃபைப் பற்றிய பேச்சுகளில் எப்போதுமே தாமதமாகத்தான் வரும்.

1981இல் பத்து லட்சம் கொடுத்து ஜஸ்டின் ஃபாஷனுவை வாங்கினார்கள். அவர் ஓரினச் சேர்க்கையாளர்களின் விடுதிகளுக்குப் போகிறார் என்று தெரிந்ததும் கிளஃப் நடத்திய விதம் கொடுமை. திட்டினார், ஒதுக்கினார், பயிற்சித் திடலிலிருந்து வெளியேற்றினார். பிற்காலத்தில் கிளஃபே அதற்காக வருந்தியிருக்கிறார். ஆனால் அந்த ஆட்டக்காரரின் வாழ்க்கையில் நல்ல ஆண்டுகள் அங்கேயே போய்விட்டன. 1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ மைதானத்துக் கூட்ட நெரிசல் பேரழிவு நடந்தது லிவர்பூல்–ஃபாரஸ்ட் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில். 97 உயிர்கள். அதன்பின் கிளஃப் லிவர்பூல் ரசிகர்கள்மீதே பழி போட்டு எழுதினார். அது பொய்ப் பழி என்று பின்னால் வந்த விசாரணைகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. மைதானத்துக்குள் ஓடிவந்த ரசிகர்களை அவர் கையால் அடித்ததும் அதே ஆண்டில்தான். அபராதமும் தடையும் கிடைத்தன. இதையெல்லாம் பெரியவரின் குறும்புகள் என்ற கணக்கில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

டெய்லர் விஷயமும் அப்படித்தான். 1982இல் ஓய்வு என்று போனவர் சில மாதங்களில் டார்பிக்கு மேலாளரானார். 1983இல் ராபர்ட்சனைச் சொல்லாமல் கொள்ளாமல் டார்பிக்கு வாங்கிக்கொண்டார். அன்றோடு கிளஃப் பேச்சை நிறுத்தினார். 1990 அக்டோபரில் டெய்லர் இறக்கும்வரை பேசவே இல்லை.

இடதுகாலன்

மேகலை சொன்னதில் ஒரு வரியையும் மறுக்க மாட்டேன். இரண்டாம் பத்தியில் மட்டும் ஒன்று சேர்க்கிறேன். டெய்லர் போன பிறகு வாங்கிய விலையுயர்ந்த ஆட்டக்காரர்கள் யாரும் பழைய பர்ன்ஸ், பர்ட்டில்ஸ் அளவுக்குத் தேறவில்லை. ஆட்களை அளக்கும் கண் யாருடையது என்பதற்கு அந்த ஆண்டுகளே பதில்.

அதற்காக எண்பதுகளை ஒதுக்கிவிடக் கூடாது. 1984, 1988, 1989 மூன்றிலும் லீக்கில் மூன்றாம் இடம். 1989, 1990 இரண்டிலும் லீக் கோப்பை. ஸ்டூவர்ட் பியர்ஸ், டெஸ் வாக்கர், கிளஃபின் மகன் நைஜல். 1978, 1979 கோப்பைகளையும் சேர்த்தால் லீக் கோப்பை நான்கு. 1991இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பியர்ஸின் ஃப்ரீ கிக்கில் முன்னிலை பெற்றும் டாட்டன்ஹாமிடம் கூடுதல் நேரத்தில் வாக்கரின் சொந்த கோலால் தோற்றார்கள். கிளஃப் கடைசிவரை வெல்லாத பெரிய உள்நாட்டுக் கோப்பை அது ஒன்றுதான்.

நதிக்கரை

1984ஐ எப்படி ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள்? யூஈஎஃப்ஏ கோப்பை (இன்றைய யூரோப்பா லீக்) அரையிறுதி, பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட். சொந்த மைதானத்தில் 2–0 வெற்றி. பெல்ஜியத்தில் 0–3. கென்னி ஸ்வெயின் தொடாத ஆள் விழுந்ததற்குப் பெனால்டி கொடுத்தார்கள். கடைசி நேரத்தில் பால் ஹார்ட் தலையால் முட்டிய கோலைக் காரணம் சொல்லாமல் ரத்து செய்தார்கள். அது இருந்திருந்தால் ஃபாரஸ்ட் இறுதியில். 1997இல்தான் உண்மை வெளியே வந்தது: ஆட்டத்துக்குப் பிறகு ஆண்டர்லெக்ட் தலைவர் அந்த ஸ்பானிய நடுவருக்குப் பணம் கொடுத்திருக்கிறார், கிளப்பே ஒப்புக்கொண்டது. நடுவர் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே சாலை விபத்தில் இறந்துவிட்டார். ஃபாரஸ்டுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

புதுரசிகன்

பிறகு எப்படி இவ்வளவு கீழே போனார்கள்?

ஸ்கோர்புக்

முதலில் மெதுவாக, பிறகு படிப்படியாக உருண்டு. 1992 ஆகஸ்டில் பிரீமியர் லீக்கின் முதல் நேரடி ஞாயிறு ஒளிபரப்பே சிட்டி கிரவுண்டிலிருந்துதான். ஷெரிங்கம் கோலில் லிவர்பூலை 1–0 என்று வென்றார்கள். ஷெரிங்கமை அந்த மாதமே விற்றார்கள், மாற்று ஆள் வாங்கவில்லை. பருவ முடிவில் கடைசி இடம். கிளஃப் ஓய்வு பெற்றார், ராய் கீன் சாதனை விலைக்கு மான்செஸ்டர் யுனைடெட் போனார். பழைய ஃபிராங்க் கிளார்க் மேலாளராக வந்து மீட்டார்: 1994இல் ஏற்றம், 1995இல் மூன்றாம் இடம், 1996இல் யூஈஎஃப்ஏ கோப்பைக் காலிறுதி. 1997இல் மீண்டும் இறக்கம், 1998இல் ஏற்றம், 1999இல் இறக்கம். அந்தக் கடைசிப் பருவத்தில் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெடிடம் 1–8. மாற்றாக வந்த சோல்ஷேர் மட்டும் நான்கு.

2005இல் மூன்றாம் பிரிவு. ஐரோப்பியக் கோப்பையை வென்ற எந்தக் கிளப்பும் அதற்கு முன் தன் நாட்டில் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியதில்லை. 2007இல் மேலே ஏறுவதற்கான ப்ளே-ஆஃப் அரையிறுதியில் இயோவில் டவுனை வெளியூரில் 2–0 என்று வென்றுவிட்டு சொந்த மைதானத்தில் 2–5 என்று கோட்டைவிட்டதை அந்தத் தலைமுறை ரசிகர்களிடம் கேட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு கடைசி நாளில் அதே இயோவிலை 3–2 என்று வென்றுதான் மேலே வந்தார்கள்.

அதற்குப் பின் உரிமையாளர்களும் மேலாளர்களும் மாறிக்கொண்டே இருந்த பதினான்கு ஆண்டுகள். அதை எழுத எனக்குப் பொறுமையில்லை.

மேகலை

அந்தப் பதினான்கின் முடிவை நான் எழுதுகிறேன். 2021 செப்டம்பரில் ஸ்டீவ் கூப்பர் மேலாளராக வந்தபோது அணி இரண்டாம் பிரிவின் அடியில் இருந்தது. 2022 மே 29, வெம்பிளி, ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக 1–0. 23 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் பிரிவு. அந்தக் கோடையில் இருபதுக்கும் மேற்பட்ட புது ஆட்களை வாங்கிக் குவித்து எல்லோருடைய கேலிக்கும் ஆளானார்கள், ஆனாலும் தப்பினார்கள். 2024 மார்ச்சில் செலவு விதிகளை மீறியதற்காக நான்கு புள்ளிகள் பறிபோயின, அதிலும் தப்பினார்கள். 2024–25இல் மேலாளர் நூனோவின் அணி ஏழாம் இடம், எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, கிறிஸ் வுட் லீக்கில் 20 கோல். ஆன்ஃபீல்டில் 1969க்குப் பிறகு முதல் வெற்றி. மூன்று பத்தாண்டுகளாக எட்டாமல் இருந்த ஐரோப்பா மறுபடி வந்தது. கடைசி வாரங்களில் கால் தளராமல் இருந்திருந்தால் சாம்பியன்ஸ் லீக்கே கிடைத்திருக்கும்.

அந்த அணியின் பலமும் பின்களம்தான். கோல் விடாமல் பொறுத்திருந்து, எதிரணி முன்னேறிய நேரம் பார்த்துப் பாய்வார்கள். 1978ஐப் பற்றிப் படிக்கும்போது ஏதோ தெரிந்த ஆட்டம் போலத் தோன்றுகிறது.

புதுரசிகன்

கடைசிக் கேள்வி. பழைய ஆட்டம் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

ஸ்கோர்புக்

கொலோன், முதல் ஆட்டம். 3–3. விவாதத்துக்கே இடமில்லை.

வலைக்காவலன்

கவென்ட்ரி 0–0.

கூடுதல்நேரம்

புதிதாக வந்தவருக்கு 0–0 ஆட்டத்தைக் காட்டுகிறீர்களே, அவர் நாளைக்கே கிரிக்கெட் பக்கம் போய்விடுவார். மாட்ரிட் 1980 பாருங்கள் தம்பி. கீகன் நடுக்களம்வரை இறங்கிவந்து பந்தைத் தேடுவார். பர்ன்ஸும் லாய்டும் அவரைப் பெட்டிக்குள் அனுமதிக்கவே மாட்டார்கள். இடதுகாலன் என்ன சொன்னாலும் என் வாக்கு ஐரோப்பாவுக்குத்தான்.

இடதுகாலன்

அந்த ஆட்டத்திலும் ஒரு கோல் அடித்துவிட்டு எழுபது நிமிடம் தடுத்துத்தான் வென்றார்கள். கவென்ட்ரியில் அதற்கு ஒத்திகை பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்சி மாற நேரமிருக்கிறது, இழையைப் பூட்டவில்லை.